தவளை மேலே வந்த நாள்

ரேணுகா கண்ணை மூடினால் கல் விழும். சிவப்பு, பச்சை, நீலம் என்று மேலேயிருந்து பஞ்சு மாதிரி மிதந்து இறங்கும். ஒரே நிறத்தில் மூன்று ஒட்டிக்கொண்டால் கரைந்து தண்ணீராகிவிடும். கிணற்றில் தண்ணீர் ஏற ஏற, அதில் மிதக்கும் மஞ்சள் தவளையும் மேலே வரும். விளையாடுவது என்னவோ அவள் புருஷன் பாலு. கனவு மட்டும் இவளுக்கு. நல்ல கூத்துதான் போங்கள்!

எமரால்டு ஊர்ப் பக்கத்து மலைச்சரிவில் ஒரு சப்ஸ்டேஷன். ரேணுகா அங்கே ஆபரேட்டர். எந்த லைனுக்குக் கரண்ட் போக வேண்டும், எதற்கு நிற்க வேண்டும் என்பது அவள் கையில் இருக்கிறது. பாலுவும் கரண்ட் வேலைக்காரன்தான். கல்யாணமான புதிதில் மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு கான்ட்ராக்டரிடம் கம்பம் ஏறிக்கொண்டிருந்தான். ஒருநாள் அவன் உச்சியில் இருக்கும்போதே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எவனோ ஒரு புண்ணியவான் “எல்லாரும் இறங்கியாச்சு” என்று சொல்லிவிட்டான். கரண்ட் கொடுத்துவிட்டார்கள். உயிர் தப்பியது பெரிய காரியம். வலது கை விரல்கள் மட்டும் மடங்கவில்லை.

அப்புறம் வெகுநாள் அவன் ஜன்னலில் பனிமூட்டத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். சோறு வைத்தால் சாப்பிடுவான், பேசினால் பதில் சொல்வான். ஆள் மட்டும் இங்கே இல்லை.

லவ்டேலில் யாரோ வீடு காலி செய்கிறார்கள் என்று கட்டில் வாங்கப் போன ரேணுகா, கட்டிலோடு ஒரு பழைய வீடியோ கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதோடு வந்தது ஒரே ஒரு கேசட், இந்தத் தவளை ஆட்டம்.

“நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றான் பாலு. அப்படிச் சொன்னவனை ஒரு வாரத்தில் டிவி முன்னாலிருந்து கிளப்ப முடியவில்லை! கல் விழுவதற்குள் தவளையை ஓடவிட வேண்டும், உதைத்து நிறம் சேர்க்க வேண்டும். விரல் மடங்காவிட்டால் தவளை செத்துப்போகும். தவளைக்காக விரல் மடங்கத் தொடங்கியது. முதலில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தான். பிறகு டீ டம்ளரைப் பிடித்தான். ஒருநாள் பின்னாலிருந்து ரேணுகாவின் சடையைப் பிடித்து இழுத்தான். “எருமை!” என்று திட்டிவிட்டு, அடுப்படிக்குப் போய்த் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஒரே ஒரு வில்லங்கம். அந்தப் பெட்டிக்கு ஞாபகம் கிடையாது. கரண்ட் போனால் தவளை மறுபடி கிணற்றின் அடியில். இந்த மலையில் காற்று தும்மினால் கரண்ட் போகும். அவர்கள் இருக்கும் குவார்ட்டர்ஸுக்கும் இவள் சப்ஸ்டேஷனிலிருந்துதான் லைன். எத்தனையோ தடவை அவள் கையாலேயே அவன் தவளையை அடியில் தள்ளியிருக்கிறாள்.

அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது பாலு வாசல்வரை வந்தான். ஆட்டத்தை மூன்று நாளாக அணைக்காமல் நிறுத்தி நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தான். பெட்டியின் சின்னச் சிவப்பு விளக்கு இரவெல்லாம் எரிந்தது.

“இன்னிக்கு மேல வந்துருவேன் போல இருக்கு ரேணு.”

“வந்தா என்னா குடுப்பாங்களாம்?”

“தெரியல. வெளிய என்னா இருக்குன்னு பாக்கணும். அவ்வளவுதான்.” அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் மழை விட்டு மூட்டம் இறங்கியது. டிரான்ஸ்ஃபார்மர்கள் ரீங்காரமிட, கம்பிகளெல்லாம் வெள்ளைக்குள் போய் மறைந்தன. போர்டில் இருந்த சிவப்பு, பச்சை விளக்குகள் மெல்ல மிதந்து இறங்குவதுபோல அவளுக்குத் தோன்றியது. மொபைல் சிணுங்கியது. பாலு ஒரு படம் அனுப்பியிருந்தான். கிணற்றின் வாய், அதன் விளிம்பில் பாதி நிலா, ஒரு முழம் கீழே தவளை. வாடா ராசா, வந்துரு, என்று ரேணுகா வாய்விட்டே சொன்னாள்.

அப்போதுதான் ஆபீஸ் போன் அடித்தது. லைன்மேன் ஜீவா.

“ஏனுங்க்கா, லைன் கிளியர் வேணுமுங்க, கரண்டை நிறுத்திக் குடுங்க. கற்பூர மரக் கிளை ஒண்ணு கம்பி மேல சாஞ்சு கெடக்குது. நான் ஏறோணும்.”

எந்த லைன் என்று அவள் கேட்டாள். குவார்ட்டர்ஸ் லைன்தான்.

“டீ குடிச்சுட்டு ஏறேன் ஜீவா” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் குடித்துவிட்டு வருவான். யாரும் கேட்கப்போவதில்லை. அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்தக் கம்பிக்குக் கீழே பாதையில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரம்.

“இருப்பா” என்றாள். சுவிட்சைத் திருகினாள். விளக்கு நிறம் மாறியது. சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ பலகையை மாட்டினாள். பாவி, பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

யார் யாரோ போன் போட்டார்கள். வேலை முடிந்திருக்குமே, கரண்ட் விடக் கூடாதா என்று ஒருத்தர் அதட்டினார். கிளை கீழே விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றார் இன்னொருத்தர். ரேணுகா யாருக்கும் மசியவில்லை. ஜீவா தன் வாயாலேயே “எறங்கிட்டேனுங்க்கா, லைனைத் திருப்பிக் குடுத்துட்டேன்” என்று சொன்ன பிறகுதான் சாவியை எடுத்துக் கரண்ட் விட்டாள்.

பொழுது சாய வீட்டுக்கு நடந்தாள். மூட்டத்துக்குள் குவார்ட்டர்ஸ் விளக்குகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அது அவர்களுடைய வீடு. மறுபடி ஜன்னலுக்கே போய்விட்டானோ?

பாலு கறுத்துக் கிடந்த டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். ஜாய்ஸ்டிக் மடியில் இருந்தது.

“என்னங்க... நான்தான்...”

“யாரு ஏறுனது?”

“ஜீவா.”

“இறங்கிட்டானா?”

“இறங்கிட்டான். வீட்டுக்குப் போயிட்டான்.”

அவன் மூச்சை மெதுவாக விட்டான். “கரண்ட் எப்பவோ வந்துருச்சு. வந்தா இறங்கிட்டாங்கன்னு அர்த்தமா? எனக்கு வந்தப்ப நான் மேலதான இருந்தேன். உன்மேல சந்தேகம் இல்ல ரேணு. காதால கேக்காம எனக்கு எதையும் போட மனசு வரல.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த விரல்கள் அவள் கையை இறுக்கிப் பிடித்தன.

பிறகு பாலு எழுந்துபோய் லைட்டைப் போட்டான்.