மச்சானாகப் போய் நான் தோற்றது

படித்தது ஐந்தாம் வகுப்பு. இன்று என் பேரில் மூன்று லாஞ்சிப் படகு ஓடுகிறது. எழுபதுகளில் தூத்துக்குடிக் கடலில் என்னளவு மூச்சடக்கிச் சங்கு குளித்தவன் கிடையாது. நானே சொல்வதற்கென்ன, உண்மைதானே.

நான் முங்கினால் என்னை மேலே இழுக்கும் கயிறு என் சேக்காளி கையில். அவன் முங்கினால் என் கையில். இளைப்பாறும்போது அவன் போய்வந்த பெண்களைப் பற்றிச் சொல்வான். பாதி புளுகு. எனக்கு அன்று ஒரு பெண்ணையும் தெரியாது. அவன் பேச்சிலேதான் எல்லாம் தெரியும். அதை வேறு எவனிடமும் சொல்ல மாட்டான் என்பது எனக்குப் பெருமை.

பெரியதாழையில் பெண் எடுத்தான். மறுவாரமே அவள் தம்பி வள்ளத்தில் வந்து உட்கார்ந்தான். குளிப்பவன் கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான், அது எங்கள் வழக்கம். அக்காள் தாலி தன் கையில் என்றிருப்பவன் அசட்டையாக இருக்க மாட்டானே. அவர்கள் இருவரும் சோடி சேர்ந்ததும் என் கயிறும் வேறொருவன் கைக்குப் போனது.

"ஏலே, எப்படிலே இருக்கா ஒம் பொண்டாட்டி?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கா."

"அதக் கேக்கலலே."

"அவ வீட்டுப் பொம்பளடே. அதெல்லாம் பேசப்பிடாது."

என்னிடமா? அந்தப் பெண் மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. அவள் கொடுத்துவிட்ட சோற்றை அவன் நீட்டியபோது, பசியில்லை என்றேன்.

நான் லேசுப்பட்டவனா? யோசித்தேன். அவனுக்கு ஒரு தங்கை இருந்தாள். போய்க் கேட்டேன், கொடுத்தார்கள். கோயிலில் தாலி கட்டிய மறுவாரம் வழக்கப்படி என் கயிறு அவன் கைக்கே வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"பழையபடி எதாஞ் சொல்லுடே" என்றேன்.

தலையைத் திருப்பிக்கொண்டான். "எந் தங்கச்சியக் கட்டுனவன்ட்ட அந்தப் பேச்சு பேசுவனா, மச்சான்?"

அதுவரை என்னை ஏலே என்றுதான் கூப்பிட்டவன்.

அன்று வீட்டில் சாப்பிடும்போது, "ஒங்க அண்ணன் ஒன்ட்ட என்னமும் சொன்னானா? அவன் பொண்டாட்டி என்ன சொல்லுதா?" என்று துருவினேன். தினமும் இதையேதான் கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. அவள் கையைத் தட்டில் உதறினாள்.

"நீங்க என்னயக் கட்டுனீங்களா, எங்க அண்ணனக் கட்டுனீங்களா?"

"சோறு ஆறுது, சாப்பிடு" என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.