மாடியில் வாக்கர், கீழே கேமரா

கீழ்வீட்டுக்காரர் வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்பவர். லீவு நாட்களில் குறும்படம் எடுப்பார். எல்லாம் குடும்பப் பாசம்தான். தகப்பனும் மகனும் முறைத்துக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் அக்காவும் தங்கையும். கடைசி நிமிடத்தில் கட்டிப்பிடித்து அழுவார்கள். இத்தனை பேரைச் சேர்த்துவைத்த மனிதர், தலைக்கு மேலே குடியிருந்த சொந்த அண்ணனோடு நான்கு வருடமாகப் பேசவில்லை.

காரணம் ஒரு சட்டை. அவருடைய முதல் படத்தில் தம்பியை ஏமாற்றும் கஞ்சன் அண்ணன் ஒருவன் வருவான். அந்த நடிகருக்கு, கொடியில் காய்ந்துகொண்டிருந்த அண்ணனின் கட்டம்போட்ட சட்டையை எடுத்து மாட்டிவிட்டார். கதை வெறும் கற்பனை என்று சத்தியம் செய்தார். சட்டை கற்பனை இல்லையே.

நான் மூத்தவரைக் கவனித்துக்கொள்ள நர்ஸாகப் போனேன். இடுப்பில் ஆபரேஷன் ஆகி, வாக்கர் பிடித்து நடந்து பழகவேண்டிய சமயம். மனிதர் நாற்காலியை விட்டு அசையமாட்டார். "இன்னிக்கு வேணாம் சிஸ்டர், நாளைக்குச் சேத்து நடந்துடறேன்" என்பார். ஆனால் கீழே "ஆக்‌ஷன்" என்று குரல் கேட்டதும் எழுந்துவிடுவார். டொக், டொக் என்று கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. "கட்" என்றதும் உட்கார்ந்துவிடுவார். டாக்டர் சொல்லி நடக்காத கால் தம்பி சொல்லி நடந்தது.

ஒருநாள் இளையவர் மாடிப்படியில் என்னை மடக்கினார்.

"சிஸ்டர், ஷூட்டிங் நேரத்துல மட்டும் அந்தச் சத்தத்த நிறுத்தச் சொல்லுங்களேன். ஒரு வசனம் முழுசா பதிவாக மாட்டேங்குது."

"உங்க படம் ஓடுதோ இல்லையோ, அவர் கால் ஓடணும். நீங்க பாட்டுக்கு ஆக்‌ஷன் சொல்லுங்க."

மறுநாளைக்குள் படத்தை ஒரு குறும்படப் போட்டிக்கு அனுப்பியாக வேண்டும். பாக்கி இருந்தது கடைசிக் காட்சி ஒன்றுதான். தம்பி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்கிறான். தம்பியாக இவரே, அண்ணனாகத் தெருமுனை சலூன்காரர். "அண்ணே, நான் செஞ்சது தப்புதான்" என்பது வசனம். வாரம் முழுக்க லீவு போட்டும், வாக்கர் சத்தத்தில் "அண்ணே"க்கு அந்தப் பக்கம் அது நகரவில்லை.

அன்றைக்கு அம்மா வேடத்துக்கு ஆள் வரவில்லை என்று என்னைக் கூப்பிட்டார். மூத்தவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இறங்கினேன்.

"கண்ணுல லேசா தண்ணி வந்தா போதும் சிஸ்டர்."

"வேலை நேரத்துல அழுது எனக்குப் பழக்கமில்ல. வேணும்னா நிக்கறேன்."

போனை ஸ்டாண்டில் பொருத்தி "ஆக்‌ஷன்" என்றார். மாடியில் சத்தமே இல்லை. "அண்ணே" என்றார். அப்போதும் இல்லை. அடுத்த வார்த்தைக்குத் திறந்த வாய் அப்படியே நின்றது.

"சொல்லுய்யா, இன்னிக்குத்தான் வழி கெடச்சிருக்கு" என்றார் சலூன்காரர்.

"மேல அவன் நடக்கலையே."

சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவினார். நானும் பின்னால் போனேன். மூத்தவர் தரையில் குப்புறக் கிடந்தார். வாக்கர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"அண்ணே! என்னாச்சுண்ணே?"

"ஒண்ணும் ஆகல" என்றார் மூத்தவர், தரையிலிருந்து காதை எடுக்காமல். "நீ சத்தமாப் பேசினாத்தான் என்னடா? வாரம் பூரா அண்ணே அண்ணேன்னு கூப்பிடறே. கூப்பிட்டு என்னதான் சொல்றேன்னு கேக்கலாம்னு படுத்தேன். எந்திரிக்க வரல."

கூப்பிட்டிருந்தால் நான் ஓடி வந்திருப்பேன். ஆனால் மீசையில் மண் ஒட்டக்கூடாதே.

இளையவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அழறதா இருந்தா தூக்கிட்டு அழுங்க" என்று அவர் கையை அண்ணனின் இடுப்புப் பெல்ட்டில் வைத்தேன். நல்ல காலை ஊன்றவைத்து, இருவருமாக நாற்காலியில் சேர்த்தோம்.

"இப்பச் சொல்லு. நான்தான் நடக்கலையே."

இளையவர் சுவரைப் பார்த்தார். "தப்புதான். சட்டைய ஒன்னக் கேட்டுட்டு எடுத்திருக்கணும்."

"சட்டை போனாப் போகுது. என் தொப்பைன்னு அந்த நடிகன் வயித்துல எதுக்குடா தலகாணிய வச்சுக் கட்டினே?"

இளையவர் குனிந்து, சாய்ந்துகிடந்த வாக்கரை நிமிர்த்தினார். கீழே சலூன்காரர், "நான் கடையத் தொறக்கப் போலாமா?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

படம் போட்டிக்குப் போகவில்லை. தம்பி தினமும் மேலே வந்து உட்கார்ந்தார். கெடுப்பதற்குக் கீழே ஷூட்டிங் இல்லாததால் மூத்தவர் நடப்பதையும் விட்டுவிட்டார். சமாதானத்தால் கெட்டுப்போன முதல் இடுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

இளையவரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னேன். அடுத்த வாரமே புதுப் படம் தொடங்கினார். அதில் அண்ணனாக அண்ணனே, அதே சட்டையில். கதை என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மூத்தவர் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கிறார். போய்ச் சேர்ந்ததும் தம்பி உதட்டைப் பிதுக்குகிறார்.

"நடை சரியா வரலண்ணே. இன்னொரு டேக்."