பீட்ரூட் போட்ட கல்யாணக் கேக்

மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்த ஆள் நான். இடித்துப்போட்ட பழைய கிடங்கின் செங்கல்லைத் தலையில் சுமந்து வந்து, வடசென்னை டோல்கேட்டில் ரொட்டி அடுப்பு கட்டினேன். தகரக் கொட்டகை கடையானது. கடையை வைத்து வீடு கட்டினேன், பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். யாரும் கை கொடுக்கவில்லை. இன்றைக்கு முட்டி மடங்கவில்லை; உட்கார்ந்தால் எழுந்திருக்க அலுப்பு. ஆனாலும் இதைச் சொல்லிவிட வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலம். சர்க்கரை ரேஷனில் அளந்துதான் கிடைக்கும்; வெளியில் வாங்க விலை கட்டாது. ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கேக் மாவை வீட்டிலேயே கலக்கித் தட்டோடு எடுத்து வருவார்கள். காலை ரொட்டி இறங்கியதும், அடுப்பில் மிச்சமிருக்கும் சூட்டில் வேகவைத்துக் கொடுப்போம்.

அன்று காய்கறி விற்கும் அக்கா ஒருவர், தட்டில்லாமல் கூடையோடு வந்தார். புருஷனைத் துறைமுக வேலையில் பறிகொடுத்தவர். மறுநாள் மகளுக்குக் கல்யாணம். சாக்லேட் கேக் வெட்டியே ஆக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். கப்பலில் வேலை செய்யும் உறவுக்காரர் கொடுத்த கோகோ டப்பா இருந்தது. சேர்த்து வைத்த சர்க்கரையோ, கூரை ஒழுகி முக்கால்வாசி கரைந்துவிட்டது.

"கேக்கு இல்லன்னா எம் பொண்ணு ஆயுசுக்கும் பேச்சு கேக்கணும் நைனா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

விடியுமுன்னே மாவு பிசைந்த களைப்பு எனக்கு. போய் வா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கூடையில் விற்காத பீட்ரூட் கண்ணில் பட்டது. எங்கோ ஒரு விருந்தில் பீட்ரூட் அல்வா சாப்பிட்ட ஞாபகம் வந்தது.

"எக்கா, இத்த வேகவச்சு அரைச்சு மாவுல போடு. இதுவே தித்திப்பு; மிச்ச சக்கர கீதில்ல, போதும்."

"இன்னா நைனா, கேக்குன்னு சொல்லி பொரியல் போட சொல்றியா? சம்மந்தி மூஞ்சிலயே வீசுவான்."

"கோகோ கருப்புல எவன் கண்டுபுடிப்பான்? வீசுனா எம்மேல வீசச் சொல்லு."

நான் காயை வேகவைத்தேன். பக்கத்து வீட்டு அம்மியில் அவர் அரைத்தார். அவர் வீட்டிலிருந்து முட்டை, மைதா, கோகோ, மிச்சச் சர்க்கரை எல்லாம் வந்தது. கலக்கி அடுப்புக்குள் தள்ளினேன்.

கேக் வெந்ததா என்று ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. இந்தக் கேக்கிலோ, குத்தும்போதெல்லாம் குச்சி ஈரமாகச் சிவந்து வந்தது. "வேகலியே, இன்னும் வேகலியே" என்று அவர் முனகிக்கொண்டே இருந்தார். அடுப்பில் விட்டால் வறண்டு போகும். எடுத்து உள்ளே பச்சையாக இருந்தால் கல்யாணத்தில் மானம் போகும். இன்னொரு தரம் கலக்கச் சாமானும் இல்லை.

தட்டை அடுப்பு வாய்க்கு இழுத்துக் காதை வைத்தேன். வேகாத மாவு உள்ளே சுருசுருவென்று சத்தம் போடும். அது ஓய்ந்திருந்தது.

"குச்சியத் தூக்கிப் போடுக்கா. அது காயோட ஈரம்."

ஆறியதும் ஓரத்தில் துளி கிள்ளி வாயில் போட்டார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொரியல் நல்லாத்தான் கீது" என்றார். மறுநாள் சம்பந்தியம்மாள் இரண்டாவது துண்டு கேட்டாராம்.

அந்த அக்கா இப்போது இல்லை. அவர் பேரன் கல்யாணத்தில் அதே கேக்கை வெட்டினார்கள். "இது எங்க குடும்பத்துக் கைப்பக்குவம்" என்று மைக்கில் சொன்னார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசி வரிசையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்லத் தெம்பில்லை.

அரைத்த கை அந்த அக்காவுடையது, மறுக்கவில்லை. கூடையிலிருந்து காயை எடுத்ததும், சூட்டில் காதை வைத்ததும் நான்தான். கட்டியதெல்லாம் பிள்ளைகள் பேருக்குப் போய்விட்ட இந்த வயதில், எனக்கென்று மிச்சம் இந்தக் கேக் ஒன்றுதான். அடுத்த முறை அதை வெட்டும்போது, டோல்கேட் அடுப்புக்காரனையும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெட்டுங்கள்.