தமயந்தி மேடம் வரையாமல் விட்ட இடம்

செய்தி வந்தபோது காலை பதினொரு மணி. ஆசிரியர் அறையில் மாணவர்களின் பயிற்சித் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தமயந்தி மேடத்தின் தம்பி பேசினார். "அக்கா தவறிட்டாங்க சார். டீ கேட்டாங்க, எடுத்துனு வர்றதுக்குள்ள போயிட்டாங்க." ரிசீவரை வைத்துவிட்டு எதிரே இருந்த அவருடைய நாற்காலியைப் பார்த்தேன். அவர் விடுப்பில் போனதிலிருந்து மூன்று நாளாக அதில் யாரும் உட்காரவில்லை. ஆனால் மெத்தையில், யாரோ அப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒரு குழி இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல மேலெழுந்து சமமானது. பழைய ரப்பர் மெத்தை அப்படித்தான் செய்யும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எண்பத்தொன்பதில், வேங்கிக்காலில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் வடிவமைப்புப் பள்ளி தொடங்கியபோது, நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். எனக்கு எழுத்துக்கலை, அவருக்கு ஓவியமும் வடிவமைப்பும். அவரிடம் படித்தவர்களுக்கு முதல் வகுப்பு மறந்திருக்காது. மேசைமேல் ஒரு சொம்பை வைப்பார். "சொம்ப வரையாதீங்க. அதச் சுத்தி இருக்கறத வரைங்க. சொம்பு தானா வந்து உட்காரும்" என்பார். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். காகிதத்தில் வெள்ளையாக இடம் கிடந்தால் எனக்குக் கை அரிக்கும். எதையாவது போட்டு நிரப்பினால்தான் தூக்கம் வரும்.

ஒரு வருடம், பௌர்ணமிக்கு முந்தைய நாள், அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். மாணவர்களைத் தரையில் படுக்கச் சொல்லி, சுற்றிலும் செம்மண் பொடி தூவி, பிறகு எழுந்திருக்கச் சொன்னார். பன்னிரண்டு வெற்று உருவங்கள் பாதையில் கிடந்தன. மதியம்வரை அவ்வழியே போன எல்லோரும் செம்மண்ணை மிதித்தார்கள். அந்த உருவங்களுக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை. ஒரு ஆட்டு மந்தைகூட வளைந்து வளைந்து போயிற்று. பக்கத்து டீக்கடைக்காரர் அதற்குமேல் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தார். "சீக்கிரம் பெருக்கிடுங்கம்மா. வியாபாரமே ஓடல. படுத்துனு இருக்கறவங்க எழுந்துக்கவே மாட்றாங்களே" என்றார். மேடம் சிரித்தார். ஆனால் பெருக்கும்போது அவரும் அந்த இடங்களை மிதிக்காமல்தான் பெருக்கினார்.

மே மாதம் வந்தால் அவரைப் பிடிக்க முடியாது. முதுமலைக்கு சஃபாரி போய்விடுவார். கேமரா எடுத்துப் போகமாட்டார். சஃபாரி வேனுக்குள் எல்லோரும் மானையும் காட்டெருமையையும் பார்த்துக் கூச்சலிட்டு முடித்து, அவை காட்டுக்குள் மறைந்த பிறகுதான் பென்சிலை எடுப்பார். புல், மூங்கில், முறிந்த கிளை எல்லாம் இருக்கும். விலங்கு நின்ற இடம் மட்டும் அதன் அளவுக்கு வெள்ளையாக இருக்கும். "போனதப் பிடிச்சு வெக்கக் கூடாதுங்க. அது நின்ன எடம் போதும்" என்பார்.

நான் செய்த தவறு இங்கேதான். ஆண்டுக் கண்காட்சி அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. அவர் விடுப்பில் இருந்தார். கேட்காமலே அவர் நோட்டிலிருந்து ஒரு மூங்கில் புதர் படத்தை எடுத்தேன். நடுவில் பெரிய வெள்ளை. நேரமில்லாமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நானே இந்திய மையில் ஒரு யானையை வரைந்தேன். இடது தந்தத்தில் மை சிந்தியதால் அதைப் பாதியில் உடைந்ததாக மாற்றிவிட்டேன். அழைப்பிதழைப் பார்த்ததும் மேடத்தின் முகம் வெளிறிவிட்டது.

"யானைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"அளவைப் பாத்து நானாதான் போட்டேங்க. மன்னிச்சுக்குங்க."

"நான் அங்க எதையும் பாக்கலீங்க. வேன் நின்னுச்சு. மூங்கில் அசைஞ்சுது. டிரைவர் பேச்ச நிறுத்திட்டாரு. ஏதோ இருந்துச்சு, அவ்ளோதான். நீங்க பாட்டுக்கு அதுக்கு மொகம் போட்டுட்டீங்களே."

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் அடுத்த மே மாதம் என்னையும், அச்சுக்கலை ஆசிரியர் இஸ்மாயிலையும் முதுமலைக்கு அழைத்துப் போனார். இரண்டாம் நாள் காலை, அதே மூங்கில் புதருக்கு எதிரே வேன் நின்றது. மூங்கில் அசைந்தது. ஒரு யானை வெளியே வந்தது. அதன் இடது தந்தம் பாதியில் உடைந்திருந்தது. இஸ்மாயில் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேனில் பதினைந்து பேர் இருந்தோம். அது என்னை மட்டும் பார்த்தது என்று இன்றும் கோயிலில் சத்தியம் செய்வேன். மேடம் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார்: "உங்களத் தேடினு வந்திருக்குது சார்." தந்தம் உடைந்த யானை இங்கே ஜாஸ்தி என்றார் டிரைவர். அவர் வாய்க்குச் சர்க்கரை போடலாம் போலிருந்தது. அன்று மேடம் எதையும் வரையவில்லை.

திரும்பும்போது, பேருந்து ஜன்னலில் எங்கள் ஊர் மலை தெரிய ஆரம்பித்ததும், "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் எடத்த நிரப்ப மாட்டீங்கல்ல?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. பேச்சு முடிந்தால் போதும் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

தகனம் முடிந்த மறுநாள் பள்ளியில் அவருடைய அலமாரியைத் திறந்தோம். மேலாக ஒரு படம் இருந்தது. எங்கள் ஆசிரியர் அறை. ஜன்னல், அதில் மலை, என் மூக்குக் கண்ணாடி, இஸ்மாயிலின் பிளாஸ்க், எல்லாம் அச்சு அசலாக இருந்தன. அவருடைய நாற்காலியில் மட்டும், தலையை லேசாகச் சாய்த்து உட்காரும் அவர் அளவுக்கு, வெள்ளை. விடுப்பில் போவதற்கு முன் வரைந்திருக்க வேண்டும்.

இரங்கல் கூட்டத்துக்கு அதையே பேனராகப் போடலாம் என்றார் இஸ்மாயில். "நீங்க உள்ள மேடத்த வரைஞ்சு குடுத்துடுங்க சார். உங்களால முடியும். யானையையே கொண்டாந்தீங்க." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு நாள் அந்தப் படத்தை முன்னால் வைத்து, அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். பேனர் வெள்ளை இடத்தோடுதான் போயிற்று. படத்தை நான் வைத்துக்கொண்டேன். மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். கொடுத்த சத்தியத்துக்காகத்தான் நிரப்பவில்லை என்று இஸ்மாயிலிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். பதினேழு வருடம் எதிரே இருந்த முகம். கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவேன். வரைந்து முடித்து நான் நிமிர்ந்து பார்க்கும்போது, அந்த நாற்காலி காலியாகவே இருந்துவிட்டால் என்ன செய்வேன் என்றுதான் இன்னும் பேனாவைத் திறக்கவில்லை.