நான்கு பேருக்கு அர்ச்சனை

அம்மன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு வாழ்கிற என் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே!

1997-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் என் மகன் சரவணன் போய்விட்டான். பத்தொன்பது வயது. மூளைக்காய்ச்சல் என்று, நாங்கள் குடியிருக்கிற புனே தாபோடியில் எல்லோரிடமும் சொன்னோம். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களிடமும் அதையே சொன்னோம். அது பொய். என் பிள்ளை தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். இதையெல்லாம் கோயில் மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்தால் சுளியுங்கள், பக்கத்தை மட்டும் திருப்பிவிடாதீர்கள். அம்மன் எங்களுக்குச் செய்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது. பேனாவை எடுத்ததிலிருந்தே கை பரபரவென்று இருக்கிறது!

என் பெயர் கன்னியம்மாள். பிறந்தது ஆற்காடு பக்கம். கல்யாணம் முடிந்த கையோடு புனே வந்து சேர்ந்தேன். என் வீட்டுக்காரருக்குச் சிஞ்ச்வட்டில் மோட்டார் சாமான் செய்கிற கம்பெனியில் லேத் வேலை. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. கட்டினவர் பெயரை வாயால் சொல்லாமல் வளர்ந்தவள், இப்போது பேனாவால் மட்டும் சொல்லிவிடுவேனா? பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் சரவணன். அவனுக்கு ஐந்து வயது இளையவள் கவிதா.

ஏன் அப்படிச் செய்தான் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. முந்தின நாள் என்ன சாப்பிட்டான், என்ன பேசினான், எந்தச் சட்டை போட்டிருந்தான் என்று ஆயிரம் தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் பிடிபடவில்லை. நான் திட்டியதாலா, அவர் அதட்டியதாலா என்று எங்களை நாங்களே தின்றோம். பெற்றவர்கள் வேறென்ன செய்வார்கள்?

இதில் அந்தப் பொய் வேறு. ஒரு பொய் சொன்னால் போதும் என்று நினைத்தோம். போதவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பார்கள். எத்தனை நாள் காய்ச்சல் என்பார்கள். நான் ஐந்து நாள் என்று சொல்லி வைத்திருப்பேன், அவர் மூன்று நாள் என்று சொல்லியிருப்பார். ஒரு நாள் பக்கத்து வீட்டு சுனந்தா வஹினி (நம் பாஷையில் அண்ணி), நல்ல மராட்டிக்காரப் பெண், என் கையைப் பிடித்துக்கொண்டு, எந்த டாக்டர் பார்த்தார் என்று கேட்டுவிட்டாள். வாயில் வந்த பெயரைச் சொன்னேன். அவளோ அந்த டாக்டரைத் தெரியும் என்றாள்! அன்றிலிருந்து அவளைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொண்டேன். இப்படி ஒவ்வொரு கதவாகச் சாத்தி, கடைசியில் நாங்கள் மூன்று பேர் மட்டும் உள்ளே இருந்தோம்.

என் வீட்டுக்காரர் அதற்கும் உள்ளே போய்விட்டார். பிள்ளையின் போட்டோவைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். அவன் பெயரைச் சொல்வதை நிறுத்தினார். நான் "சரவணன்" என்று ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். கோயிலுக்கும் முழுக்கு. "காப்பாத்தாத சாமிய கும்பிட்டு இன்னா ஆவப்போது?" என்பார். எனக்கு மட்டும் கோபம் இல்லையா? நானும் அம்மனோடு சண்டை போட்டிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு இருந்தாயா என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் சண்டை போடவாவது நான் போனேன்.

2000-ஆம் வருஷம் ஆனி மாதத்தில் அவர் சாப்பாடு குறைந்தது. ஒரு சப்பாத்தியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பிறகு ஒரு நாள், இருபது வருஷமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்த தன் அளவுக் கருவிகளை, உடன் வேலை செய்கிறவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். "இனிமே எனக்கு எதுக்கு?" என்றார். இன்னொரு நாள், கேட்காமலே, "கவிதாவ நல்லா படிக்க வை" என்றார். நீங்களும் கூட இருந்துதானே படிக்க வைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பிள்ளையிடம் எனக்குத் தெரியாமல் போனது இவரிடம் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாய் திறந்து கேட்கப் பயம். கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே கிளப்பிவிடுவேனோ என்று பயந்தேன். அவர் வேலைக்குப் போனால் திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

ஆடி முதல் வெள்ளி. அம்மன் முன்னால் நின்று ஒரே ஒரு விண்ணப்பம் வைத்தேன். "தாயே, போன பிள்ளையைக் கேட்கவில்லை. இருக்கிற மனிதரை எனக்கு விட்டு வை. அவர் வாயால் பிள்ளை பெயரை ஒரு தடவை சொல்ல வை. அதைச் சொல்லிவிட்டால் பாக்கியும் வெளியே வந்துவிடும்." யாரும் சொல்லிக் கொடுத்த வேண்டுதல் இல்லை. அடைத்துக்கொண்டிருந்தது அந்தப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றியது.

இப்போது எங்கள் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அர்ச்சனைத் தட்டைக் கொடுத்தால் பூசாரி பெயர், நட்சத்திரம் கேட்பார் அல்லவா? நான் என் வீட்டுக்காரர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவரோ கூட்டத்தில் வாயே திறக்க மாட்டார். அதனால் ஆறு வயதிலிருந்தே சரவணன்தான் முன்னால் நின்று சொல்வான். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, நான்கு பேரையும் ஒரே மூச்சில், எப்போதும் ஒரே வரிசையில். பூசாரியே சிரிப்பார். அவன் போன பிறகு கவிதா சொன்னாள். மூன்று பெயர்கள்தான். மூன்றாவது இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு தன் பெயரைச் சொல்வாள்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை கவிதாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ். வீட்டுக்காரருக்குச் சுட்டி, அதாவது லீவு. கூழ்ப் பானையை நான் ஒருத்தி தூக்க முடியாது, கோயில் வாசல் வரைக்கும் வந்து இறக்கிவிட்டுப் போங்கள் என்று கெஞ்சினேன். வந்தார். பானையை இறக்கினார். திரும்பிப் போக வழியில்லாமல் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது! தள்ளித் தள்ளி எங்கள் இரண்டு பேரையும் சந்நிதிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். அம்மனே இழுத்தாள் என்று இன்றைக்கும் நான் சொல்வேன். கூட்டம் தள்ளியது என்று அவர் சொல்வார்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

நான் முழங்கையால் அவரை இடித்தேன். "நீங்களே சொல்லுங்க."

அந்த மனிதருக்கு நட்சத்திரம் எல்லாம் தனித்தனியாக எங்கே தெரியும்? பிள்ளை சொல்லிக் காதில் விழுந்ததுதான் அவருக்குத் தெரிந்தது. அந்த வரிசையிலேதான் வந்தது. தன் பெயர், உத்திராடம். கன்னியம்மாள், பூரம். சரவணன், சதயம். கவிதா, ரோகிணி.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. இறந்தவர்கள் பெயருக்கு நம்மில் யார் அர்ச்சனை செய்வார்கள்? பின்னாலிருந்து ஒருவர், "இன்னாபா இது, செத்துப்போன புள்ள பேருக்கு அர்ச்சனையா? மூளைக்காய்ச்சல்ல போச்சே, அந்தப் பையன்தான?" என்று சத்தமாகவே கேட்டார்.

பூசாரி ஏறிட்டும் பார்க்கவில்லை. "பேரு சொல்லியாச்சு. தட்ட குடுங்க" என்று வாங்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் திரும்பினார். அத்தனை பேருக்கு முன்னால், கூட்டத்தில் வாயே திறக்காத அந்த மனிதர் பேசினார். "காய்ச்சல் இல்லீங்க. அவனா உயிர விட்டுட்டான். மூணு வருஷமா நான் பொய் சொல்லிக்கினு கீறேன். ஆனா அவன் என் புள்ள. எனக்கு ரெண்டு புள்ளைங்க."

சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். மூன்று வருஷத்து அழுகை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன்! கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தேன். ஒரு தடவை சொல்ல வை என்றுதானே கேட்டேன்? ஊரே கேட்கச் சொல்ல வைத்துவிட்டாளே! அம்மா, அம்மா என்று கத்தினேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து இரண்டு பேர் வேப்பிலையோடு ஓடிவந்தார்கள்.

இன்னும் கேளுங்கள். கூழ் ஊற்றும் இடத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முன்பின் பார்த்ததில்லை. "அக்கா, எங்க அண்ணனும் அப்படித்தான் போனாரு. ஹார்ட் அட்டாக்குன்னு சொல்லி வெச்சிருக்கோம். உங்க வீட்டுக்காரர் சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்தது" என்றாள். அர்ச்சனையா என்று அதட்டினாரே, அவரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "தெரியாம கேட்டுட்டேன் தம்பி" என்று சொல்லி, கூழ்ப் பானையைத் தானே வீடுவரை சுமந்து வந்தார்.

அன்று மத்தியானம் எனக்குத் தைரியம் வந்தது. அவர் எதிரில் உட்கார்ந்து நேராகவே கேட்டேன். "நீங்களும் போயிடலாம்னு நெனச்சீங்களா?"  தரையைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையாட்டினார்.  அவர் கையைப் பிடித்தவள் விடவில்லை. சுனந்தா வஹினி வீட்டுக் கதவைத் தட்டி உண்மையை எல்லாம் சொன்னேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு எங்களோடு ரிக்ஷாவில் ஏறினாள். ஔந்த் பக்கம் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனாள். நேராகக் கேட்டது நல்லதுதான், கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வராது என்று டாக்டர் சொன்னார். அவரைத் தனியாக விடாதீர்கள் என்றார். மாத்திரை கொடுத்தார், வாராவாரம் வரச் சொன்னார். டாக்டரிடம் போனால் சாமியை நம்பவில்லை என்று அர்த்தமா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. டாக்டரை அனுப்பியதும் அவள்தான் என்பது என் கட்சி.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று அளக்க மாட்டேன். ஒன்றரை வருஷம் மாத்திரை. நடுவில் மோசமான நாட்களும் வந்தன. டிசம்பர் வந்தால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு தாமதமாகத்தான் எரியும். அம்மன் என் பிள்ளையைத் திருப்பித் தரவில்லை. ஏன் தடுக்கவில்லை என்பதற்கும் பதில் சொல்லவில்லை. அந்தச் சண்டை எனக்கும் அவளுக்கும் பாக்கி இருக்கிறது. ஆனால் இருந்த மனிதரை எனக்கு விட்டு வைத்தாள். போட்டோ இப்போது கூடத்துச் சுவரில், எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டியிருக்கிறது. கவிதா டீச்சர் ஆகிவிட்டாள். உனக்கு அண்ணன் உண்டா என்று யாராவது கேட்டால் உண்டு என்கிறாள், எப்படிப் போனான் என்பதையும் சொல்கிறாள். நன்றி தாயே! கோடி நன்றி!

இதைப் படிக்கிறவர்களில் எங்களைப் போலப் பொய் சொல்லி வைத்திருக்கிற குடும்பம் கட்டாயம் இருக்கும். வெட்கப்படாதீர்கள். உங்கள் பிள்ளை, உங்கள் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர் எப்படிப் போயிருந்தாலும் உங்களவர்தான். உங்கள் வீட்டில் யாராவது, நான் இல்லாவிட்டால் நல்லது என்கிற மாதிரிப் பேசினால் பயப்படாமல் கேளுங்கள், பக்கத்திலேயே உட்காருங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அந்த எண்ணம் உங்களுக்கே இருந்தால் இன்றைக்கே யாரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். அம்மனை நம்புங்கள், மனிதர்களையும் நம்புங்கள்.

யாரும் இல்லை என்றால் எங்களிடம் வாருங்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கோயில் வேப்பமரத்தடியில் நாங்கள் இரண்டு பேரும் இருப்போம். உங்களவர் பெயரைச் சொல்லுங்கள், நாங்கள் கேட்கிறோம். ஆனால் ஒன்று, கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிடுங்கள். என் வீட்டுக்காரர் சரவணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார், உங்களுக்கு லோக்கல் ரயில் போய்விடும்!