சந்திரகலா மிஸ் நிமிர்த்திய முதுகுகள்

சந்திரகலா மிஸ் காலமான செய்தி ஆசிரியர் அறையில் இருந்த எல்லோருடைய தொலைபேசிக்கும் ஒரே நேரத்தில் வந்தது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் பாடசாலையில் பதினோரு வருடம் உடற்கல்வி படிப்பித்தவர். மற்றவர்கள் அனுதாபம் எழுதினார்கள். எனக்கு எழுதக் கை வரவில்லை. காரணத்தை, அவரை அறிந்த உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒன்பதாம் தரத்தில் கௌசல்யா என்றொரு மாணவி இருந்தாள். ஒரே வருடத்தில் மளமளவென வளர்ந்தவள். என் கணக்குப் பாடம் முழுவதும் மேசை மீது கவிந்தே இருப்பாள். ஒருநாள் அவளைச் சுவரோடு நிற்க வைத்து, "கேள்விக்குறி, நேரா நில்லு" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தப் பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

மிஸ் என்னைத் தேடி வந்தார். "அவ சோம்பேறி இல்ல சார். எலும்பு வளந்த வேகத்துக்கு வயித்துத் தசையும் முதுகுத் தசையும் பலப்படல்ல. நிமிரச் சொன்னா நிமிருவா. ஆனா ரெண்டு நிமிசத்துக்கு மேல தாங்க மாட்டா."

நான் நம்பாததைப் பார்த்து விளையாட்டறையில் பாய் விரித்தார். முழங்கையையும் கால் விரல்களையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல் பிடிக்கச் சொன்னார். இருபது எண்ணுவதற்குள் என் வயிறு நடுங்கியது. முப்பதில் விழுந்தேன்.

"உங்களுக்கே இப்படின்னா, அந்தப் புள்ளைய யோசிச்சுப் பாருங்க சார்," என்றார். அவர் சிரிக்கவில்லை.

அதன்பின் வாரத்தில் மூன்று நாள், முதலாம் பாடவேளைக்கு முன் அரை மணித்தியாலம் அந்த வகுப்புக்குப் பயிற்சி கொடுத்தார். சில பெற்றோர் முறையிட்டார்கள். பிள்ளைகள் தரையில் படுத்து எழும்புவது படிப்பா என்று கேட்டார்கள். அதிபர் கூட்டம் வைத்தார். பாயில் விழுந்து எழுந்த நானே, "பரீட்சை வருது சார், அந்த நேரத்தக் கணக்குக்குத் தாங்க" என்றேன். தந்தார்கள். மிஸ் பாய்களைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து இடைவேளையில், தேநீர் குடிக்க வராமல், கட்டடத்தின் பின்புறம் அதே பிள்ளைகளுக்குப் பயிற்சியைத் தொடர்ந்தார்.

தவணை முடிவில் கௌசல்யா, யாரும் சொல்லாமலே பாடவேளை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் வகுப்புக்குச் சொன்னேன்: "பாத்தீங்களா, அன்னைக்கு நான் ஏசினதால திருந்திட்டா." வாசலில் மிஸ் நின்றிருந்ததை அதன் பிறகுதான் கண்டேன்.

மாலையில் பஸ் தரிப்பிடத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவளப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்க சார். அது போதும்." பிறகு வழமைபோல காய்ச்சலில் கிடந்த என் மகளைப் பற்றி விசாரித்தார்.

அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மறுநாளும் கேட்டிருக்கலாம். மூன்று வருடம் ஒரே ஆசிரியர் அறையில் இருந்தும் கேட்கவில்லை.

இறுதிக்கிரியைக்குப் போனபோது, கலஹாவில் அவருடைய வீட்டு முற்றத்தில் கௌசல்யா வந்தவர்களுக்குக் கதிரை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது உயர்தரம் படிக்கிறாள். அவளைத் தனியே அழைத்தேன்.

"அன்னைக்கு அப்படிப் பேர் வச்சது பிழைம்மா. நீ நிமிர்ந்தது மிஸ்ஸாலதான். என்னால இல்ல."

"தெரியும் சார்," என்றாள். பிறகு, "இத மிஸ்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"உள்ளுக்குப் போய்ச் சொல்லுங்க சார். இன்னும் எடுக்கல்ல."

போனேன். பெட்டியைச் சுற்றி உறவினர்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னால் வாய் திறக்க அப்போதும் எனக்கு வெட்கமாக இருந்தது. பூவை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது, நான் கேட்காமலே திரும்பிய அந்த மன்னிப்பு ஒன்றுதான்.