என் பேச்சையெல்லாம் கொட்டிய வீடு

என் மகனுக்கு மூன்று வயது முடிந்தும் ஒரு சொல் வரவில்லை. பசித்தால் என் முந்தானையைப் பிடித்து இழுப்பான். பிடிக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் பேச்சு.

அவன் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது மலாயா முழுவதும் வேலை சுருங்கிப் போயிருந்தது. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் கணவரை வாரத்துக்கு இரண்டு நாள்தான் கூப்பிட்டார்கள். மிச்ச நாட்களிலும் வேலை கிடைக்குமா என்று அங்கேயே போய்க் காத்துக் கிடப்பார். அதனால் நான் கடற்கரை ஓரத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவுக்கு ஆயா வேலைக்குப் போனேன். அங்கே ஒரு பெண் குழந்தை, என் மகனைவிட ஒரு மாதம் இளையவள். விடியும் முன் ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நடப்பேன். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவேன்.

எனக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. பிறந்த வீட்டில் என்னை வாயாடி என்றுதான் சொல்வார்கள். அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இது கை, இது கால், இது தொப்பை என்று ஆரம்பித்தால் பவுடர் போட்டு முடிக்கும்வரை ஓயமாட்டேன். காக்கையைக் காட்டுவேன், எறும்பைக் காட்டுவேன், கடலில் போகிற கப்பலுக்கெல்லாம் ஒரு கதை கட்டுவேன். ஒன்றரை வயதில் அவள், "காக்கா போச்சு" என்றாள். இரண்டு வயதில் தோட்டக்காரரைப் பார்த்து, "ஏன்யா பூவைப் பிச்சே?" என்று சண்டைக்கு நின்றாள். துரைசானிக்கு முதலில் சிரிப்பு, பிறகு எரிச்சல். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஊரெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன்.

வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டியிருக்கும். மகனுக்குச் சோறு ஊட்டும்போது வாயைத் திறக்கவே அலுப்பாக இருக்கும். உருட்டி உருட்டி வாயில் வைப்பேன், அவன் விழுங்குவான், இருவரும் படுத்துவிடுவோம்.

பகலில் அவனைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். இட்லி சுட்டு விற்கிறவள். மத்தியானம் முழுக்க ஆட்டுரலில் மாவாட்டுவாள். உத்தரத்தில் கைலியைக் கட்டித் தொட்டிலாக்கி, அதில் அவனைப் போட்டு, தொட்டில் கயிற்றைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வாள். கை மாவைத் தள்ளும், கால் தொட்டிலை ஆட்டும். நடக்கத் தொடங்கிய பிறகும் அவனைத் தொட்டிலிலேயே வைத்திருந்தாள். "தங்கமான புள்ளக்கா, சத்தமே இல்ல" என்பாள். அதைக் கேட்டு நான் பூரித்துப் போனேன். நான் ஒரு மடச்சி!

மூன்று வயது முடிந்ததும் தெருவில் அவனை 'ஊமை' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதல் முறை கேட்டபோது அவனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். இரண்டாம் முறை, சொன்னவளின் கதவில் போய் நின்று கத்தினேன். அதற்குப் பிறகு கத்தவும் தெம்பில்லை. வசம்பைச் சுட்டு, தேனில் இழைத்து நாக்கில் தடவினேன். கோயில் மணியைக் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றி வாங்கிவந்து குடிக்க வைத்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலில் மொட்டை போட்டேன், அவனுக்கும் எனக்கும். என் கணவர், "எங்க சித்தப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு, சும்மா இரு" என்றார். அவர் சித்தப்பாவைப் பேச்சோடு சேர்த்து ஆற்றில் விட வேண்டும் போல இருந்தது.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே டாக்டருக்குப் பதிலாக நோயாளிகளைப் பார்த்த டிரெசர் தமிழர். மகனுக்குப் பின்னால் நின்று கரண்டியால் தட்டில் தட்டினார். மகன் திரும்பினான். மெதுவாகத் தட்டினார், அப்போதும் திரும்பினான். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார்.

"காதுலயும் பழுதில்ல, நாக்குலயும் பழுதில்ல. பகல்ல இவன்கிட்ட யாரும்மா பேசறது?"

"நான் வேலைக்குப் போயிடுவேங்க."

"என்ன வேலை?"

"பிள்ளை வளக்குற வேலை."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவர்மேல் கோபப்பட்டாவது வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

கோபத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொண்டுபோனேன். "எம் பிள்ளைய மூட்டை மாதிரி கட்டியா போட்டே?" என்றேன். அவள் ஆட்டுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இங்கிட்டு அடுப்பு, அங்கிட்டு லோங்கான். இறக்கி விட்டா சாக்கடைல விழுந்து சாவான்லா. உசுரோட குடுத்தேன்லக்கா? பேச்சும் நானா குடுக்கணும்?" அழுதுகொண்டே வெளியே வந்தேன்.

வேலையை விட முடியாது, விட்டால் அடுப்பு எரியாது. மறுநாள் துரைசானியிடம், மகனையும் கூட்டிவர விடும்படி எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். அவர் யோசித்துவிட்டு, பையன் சமையலறைப் பின்படியில் உட்காரலாம், வீட்டுக்குள் வரக்கூடாது, பொம்மைகளைத் தொடக்கூடாது என்றார். சரி என்று தலையாட்டினேன். அன்று அவர் எதைச் சொன்னாலும் தலையாட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகு வெறி பிடித்தவள் போலப் பேசினேன். போகிற வழியெல்லாம் மரம், மாடு, ரிக்‌ஷா என்று அவன் காதில் கத்தினேன். அவன் என் வாயை வேடிக்கை பார்த்தான். காலம் கடந்துவிட்டதோ என்ற பயம் என்னை விடவில்லை. பங்களாவுக்குள் நுழைந்ததும் மறுபடி அந்தக் குழந்தையிடம்தான் என் வாய் இருக்க வேண்டும். படியில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பான்.

ஆனால் அந்தப் பெண் சும்மா இருக்கவில்லை. கண் அசந்தால் பின்படிக்கு ஓடிவிடுவாள். அவன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் குரலில், என் அதட்டலில், "இது கை. சொல்லு. இது காலு. சொல்லுடா" என்பாள். பதில் வராவிட்டால் வீடே அதிரக் கத்துவாள்: "ஆயா! இவன் பேச மாட்டேங்குறான், ஆயா!" நான் அவனுக்குக் கொடுக்காததையெல்லாம் அவள் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து நன்றியும் வந்தது, அந்தச் சின்ன வாய்மேல் பொறாமையும் வந்தது.

இரண்டு மாதம் போனது. ஒரு நாள் மத்தியானம் பின்கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"ஆயா."

"வரேன் கண்ணு" என்றேன், திரும்பாமலே.

"ஆயா."

குரல் தடித்துக் கரகரவென்று இருந்தது. அந்தப் பெண்ணைத் தூங்க வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பினேன். என் மகன் படியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்தான். இன்னொரு தரம் கூப்பிட்டான்.

துணியை மண்ணில் போட்டுவிட்டு ஓடி அவனை அள்ளிக்கொண்டேன். ஆயா இல்லடா, அம்மா, அம்மான்னு சொல்லு என்று தொண்டை வரை வந்துவிட்டது. தப்பு என்று சொன்னால் திரும்பவும் வாயை மூடிக்கொள்வானோ என்று பயந்தேன்.

"என்னய்யா?" என்றேன்.

அவன் சிரித்தான். மறுபடியும் ஆயா என்றான். நானும் மறுபடியும் என்னய்யா என்றேன். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகும் நான் அவனைத் திருத்தவில்லை.